முப்பத்தொரு சதவீதம்

ஏறியதும் கேட்டேன்: சார்ஜர் துளை வேலை செய்கிறதா?
ஓட்டுநர் மிச்சீல் கையை விரித்தான்.
யாகூத்ஸ்கிலிருந்து பதினான்கு மணி நேரம்.
வெளியே மைனஸ் நாற்பத்தாறு.

வீட்டில் எண்பதைத் தொட்டதும் வயரைப் பிடுங்கிவிடுவேன்,
இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டேன்.
நூறு எப்படியிருக்கும் என்று என் போனுக்கே தெரியாது.
பயணத்தன்று காலையிலும்
கை பழக்கத்தில் எண்பதில் பிடுங்கிவிட்டது.
ஊசி போகும் இடம் பார்ப்பவளுக்கு
உலக்கை போனது தெரியவில்லை.

சரி, இருப்பதை வைத்து ஓட்டுவோம்.
திரை வெளிச்சத்தை
கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவுக்கு இறக்கினேன்.
புளூடூத்தை அணைத்தேன், இருப்பிடத்தை அணைத்தேன்,
எழுத்தைத் தொட்டால் விரலில் வரும் அந்தச் சின்ன அதிர்வு,
அது எதற்கு, அதையும்.
நான் கூப்பிடாமலே பின்னால் விழித்திருந்த செயலிகளை
ஒவ்வொன்றாகத் தூங்க வைத்தேன்.
காடு தொடங்கியதும் விமான முறை.
சிக்னல் இல்லாத இடத்தில் போன்
கோபுரத்தைத் தேடித் தேடியே உயிரை விடும்.

"இந்த வண்டியா அக்கா பறக்கப்போகிறது?"
பின்சீட்டில் ஜூலுஸ்தான்,
மடியில் முழு வெளிச்சத்தில் ஒரு சண்டைப் படம்.

குளிரில் பேட்டரி பொய் சொல்லும்.
நாற்பது என்று காட்டிவிட்டு
அடுத்த மூச்சில் கருத்துப்போகும்.
அதனால் கம்பளிக்கும் தோலுக்கும் நடுவே,
அக்குளில், அடைகாத்தேன்.
பிரிந்து போகும்போது அவன் சொன்னது நினைவு வந்தது:
நீ சிரிப்பதைக்கூட பவர் சேவரில்தான் வைத்திருக்கிறாய்.

ஒன்பதாவது மணியில் எஞ்சின் நின்றது.

மிச்சீல் மாற்று டயரைக் கழற்றிக் கொளுத்தினான்.
கரும்புகை நேராக மேலே போனது, காற்றே இல்லை.
கெஸ்கிலீனாவின் போன் கையிலேயே அணைந்தது.
மாட்டு டாக்டருடையது காலையிலேயே போய்விட்டது.
மிச்சீலுடையது கண்ணாடியோரம் கிடந்து விறைத்திருந்தது.
ஜூலுஸ்தான் என்னைப் பார்த்தான், பிறகு என் அக்குளை.

முப்பத்தொன்று.

மேட்டில் ஏறி விமான முறையை எடுத்தேன். இரண்டு கோடு.
"காத்திருங்கள்" என்றது ஒரு பெண்குரல்,
பிறகு வால்ட்ஸ் இசை.
இருபத்தாறு. இருபத்தொன்று.
சாகப்போகிறவர்களுக்கு எதற்கய்யா வால்ட்ஸ்?
பதினான்கில் ஆள் வந்தான்.
கிலோமீட்டர் கல்லின் எண்ணை இரண்டு தடவை சொன்னேன்.
மூன்று மணி நேரத்தில் லாரி வரும் என்றான்.

வண்டிக்குள் திரும்பியபோது ஒன்பது.
ஆறு பேர், ஒரே போர்வைக் குவியல்.
யாரும் பேசவில்லை.
கை தானாகவே போனை உள்ளே செருகப் போனது.
"ஏதாவது காட்டேன்" என்றாள் கெஸ்கிலீனா.
அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.
தங்கை வீட்டு நாய், மீன் சந்தையில்.
உறைந்து விறகுபோல நிற்கும் மீன்களில்
தன்னைவிட உயரமான ஒன்றைத் திருடப் பார்க்கிறது.
நாற்பது நொடி.

"இருட்டாயிருக்கே அக்கா."

வெளிச்சக் கோட்டில் விரலை வைத்து
வலக்கோடி வரை தள்ளினேன்.
அந்தப் பக்கம் நான் போனதேயில்லை.
கூரையில் எங்கள் மூச்சு பனியாய்ப் படிந்திருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
டாக்டரின் முன்பல்லில் ஒரு சந்து.
மிச்சீலின் இமையில் பனித் துகள்.
நாய் மீனைக் கட்டிப்பிடித்தது, வழுக்கியது,
மறுபடி கட்டிப்பிடித்தது.
டாக்டர் இருமி இருமிச் சிரித்தார்.
இன்னொரு தடவை என்றார்கள். போட்டேன்.
மூன்றாவது தடவை,
நாய் தாவிய இடத்தில்,
திரை கருத்தது.

இருட்டில் சிரிப்பு மட்டும் கொஞ்சநேரம் ஓடியது,
அதில் என்னுடையதும்.

"மீன் கிடைத்ததா அக்கா அதற்கு?"

சொல்கிறேன்.
லாரி வரட்டும், போன் முதலில் சூடேறட்டும்.
குளிர்ந்த பேட்டரிக்கு உடனே சார்ஜ் போடக்கூடாது.