கற்பூரவல்லி எட்டு இலை

டொரன்டோவிலிருந்து பியூலா மதினி அனுப்பிய தாளில்
செலரி இரண்டு தண்டு என்றிருந்தது.
மார்க்கெட்டில் கேட்டேன்.
அப்படி யாரும் இங்க வரலியே என்றார் கடைக்காரர்.

கொத்தமல்லித் தண்டு போதும் என்றாள் ஓரகத்தி ஜெபசீலி.
அடித்து எழுதினோம்.
சேஜ் இலைக்குத்தான் சண்டை.
நான் துளசி என்றேன்.
பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து
கற்பூரவல்லி எட்டு இலை பறித்து வந்து
கசக்கி என் மூக்கில் வைத்தாள்.
சளி மருந்துதான் ஞாபகம் வந்தது.
எழுதினோம்.

செஸ்ட்நட்டுக்கு அவித்த பனங்கிழங்கு, நார் உரித்து.
ரொட்டிக்கு நேற்றைய பன்.
வெண்ணெயில் மட்டும் கை வைக்கவில்லை.
மிளகு ஒரு சிட்டிகையாம்.
சிரித்து முடிக்க நேரமாயிற்று.

வான்கோழி சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் உயிரோடு வந்தது,
கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாராம்.
வயிறு நிறைத்துத் தைத்த பிறகு பார்த்தால்
எங்கள் ஓவனுக்குள் கால் நுழையவில்லை.

சமாதானபுரம் பேக்கரியில்
கேக் எல்லாம் இறங்கிய பின்
பதினோரு மணிக்கு இடம் கொடுத்தார் ஆசீர்.
சூடு எவ்வளவு என்றேன்.
முகத்தக் காட்டிப் பாருங்கக்கா என்றார்.

வெனிலா வாசத்தில் மூன்று மணி நேரம்.
பெஞ்சில் உட்கார்ந்து
ஜெபசீலி பண்டிகைச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தாள்.
கோழி தைத்த ஊசி இல்லையே என்று
இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

எட்டுப் பேருக்கு என்றது தாள்.
இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.
பனங்கிழங்குதான் முதலில் தீர்ந்தது.
நெஞ்சுக்கறி வறண்டுபோயிருந்ததை யாரும் சொல்லவில்லை,
மதினிக்கு நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் எலும்பில் ரசம்.
தாளில் இடமில்லை.
திருப்பிப் போட்டு எழுதினாள்.