ஐந்தாவது வாய்

கம்பத்துப் பெட்டியைத் திறந்தால்
முதலில் பல்லி முட்டை இரண்டு.
அதற்குப் பின்னால் உள்ளே வரும் ஒரு கறுப்பு இழை,
வெளியே போகும் எட்டு மஞ்சள் இழைகள்,
நடுவில் தீப்பெட்டியில் பாதிகூட வராத
கண்ணாடித் துண்டு.
கரண்ட் கேட்காது. சுவிட்ச் கிடையாது.
போன புயலில் ஆபீஸ் பேட்டரி செத்த பிறகும்
வேலையில்தான் இருந்தது,
வராத ஒளியை எட்டாகப் பிரித்துக்கொண்டு.

"இதுல ஷட்டர் எங்கப்பா?" என்றார் வீரசேகரன்.
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு
மூன்றுக்கும் சக்கரம் சுற்றுகிற கையை
இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு நான்காவது இழை.
ஐந்தாவது சகாயசெல்வி வீட்டுக்குப் போனது.
தை முடிந்ததும் திருப்பூர் போய்விட்டார்கள்,
பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு.
அந்த முனையில் இப்போது ஒரு ரப்பர் மூடி.

"தரிசா கிடக்குற வயலுக்கு எதுக்குத் தண்ணி?
அடைச்சிட்டு எம்பக்கம் திருப்பு."

உள்ளே இருப்பது கவட்டை, சார்.
வருகிற ஒளி முதல் கவட்டையில் பாதியாகும்,
அந்தப் பாதி அடுத்ததில் பாதி,
அதுவும் இன்னொன்றில்.
மூன்றாவது தாண்டினால் எட்டு.
எந்த வீட்டில் ஆள் இருக்கிறது
என்று கண்ணாடிக்குத் தெரியாது.
ஐந்தாவது வாயின் பங்கு
இந்த நிமிஷமும் வந்துகொண்டிருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாத நிறத்தில்,
மூடியின் உட்புறத்தில் மோதித்
தீர்ந்துபோகிறது.

மீட்டரை வைத்துக் காட்டினேன்.
நாலில் மைனஸ் பத்தொன்பது.
மூடியைக் கழற்றி ஐந்தில் வைத்தால்
அதே மைனஸ் பத்தொன்பது.
"மைனஸ்னா ஆறு வத்திப்போச்சுன்னுல்ல அர்த்தம்?"

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
எட்டு வீட்டுக்கும் வருவது ஒரே ஒளி,
மெலிந்து, ஆனால் முழுசாக.
ஜெகபர் நிஷா ராத்திரி பேசும்போது
தம்மாமிலிருந்து வரும் அவள் கணவனின் முகம்
லஸ்கர் வீட்டுக் கூடம்வரை வருகிறது.
அவர் வீட்டுப் பெட்டி பேரைப் பார்க்கிறது,
நமக்கில்லை என்று விட்டுவிடுகிறது.
விடிய விடியத் தெருவின் பேச்செல்லாம்
எல்லா வீட்டிலும் பூட்டோடு வந்து விழுந்து
பூட்டோடு போகிறது.

திரும்பிப் போகிற பேச்சுதான் சிக்கல்.
எட்டும் ஒரே இழையில் ஏற வேண்டும்,
ஒருவர் பேசினால் ஏழு பேர் விளக்கணைக்க வேண்டும்.
அதனால் முறை வைத்திருக்கிறது, என்றேன்.
முறை என்றதும் நிமிர்ந்தார்.

நீடாமங்கலம் மருந்துக்கடை மாடியில் ஒரு மெஷின்,
கண் இமைக்கும் நேரத்தை ஆயிரமாக நறுக்கி
இவருக்கு இது, அவருக்கு அது என்று கொடுக்கும்.
தூரத்து வீட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே பேசச் சொல்லும்,
அதன் சொல் வந்துசேர நேரமெடுக்கும் என்பதால்.

"கடைமடைக்கு முன்கூட்டியேவா?"
ஆமாம்.
"எங்க இலாகாவுல இது யாருக்கும் தோணல பாரு."

கொஞ்சம் பொறுத்து,
"அப்ப சகாயசெல்வியோட முறை?"

அது வரும் சார். வெளிச்சம் வராது, நேரம் வரும்.
கேட்க ஆளில்லாத முறையை மெஷின்
மற்றவர்களுக்குப் பிரித்துவிடும்.
நேற்று உங்கள் பையன் மேட்ச் பார்த்தது
கொஞ்சம் அவர்கள் நேரத்திலும்தான்.

ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பிரிட் துணியால் ஐந்தின் முனையைத் துடைத்தேன்;
ஒரு தூசு போதும், பத்தொன்பது இருபத்தைந்தாகிவிடும்.

"பொங்கலுக்கு வருவாங்க.
அந்த மூடிய ரொம்ப இறுக்காத."

அதற்குள் அவர் போன் அடித்தது.
கோரையாற்றில் அரை அடி இறக்கச் சொல்கிறார்கள்.
டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டே
யார் வயல் காயப்போகிறதோ என்றார்,
என்னிடமா என்று தெரியவில்லை.

பல்லி முட்டைகளை நகர்த்தாமல்
பெட்டியை மூடினேன்.