பதிப்பு 4.2-இல் புதியவை

முதலில் பெட்டியைச் சிவப்பாக்கினேன்.
பிறகு சிவப்பைக் கொஞ்சம் குறைத்தேன்.
எபேன் கோபுரத்தின் ஆறாம் மாடியில்
சிவப்பு என்பது ஆறு எழுத்துள்ள ஒரு குறி.
ஃபோன் டு சாக்கில் அது வேறு.

ஃபோன் டு சாக் என்றால் பையின் அடி.
பெயர் வைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது
மழை எங்கே போய்ச் சேரும் என்று.
மேட்டுக் கரும்பில் பெய்ததெல்லாம்
அங்கே இறங்கித்தான் இளைப்பாறும்.

பிப்ரவரி பதினொன்று. பதிவேடு சொல்கிறது:
எச்சரிக்கை கிளம்பியது 2:10:04.
பள்ளி அலுவலகக் கணினிக்கு வந்தது 2:10:05.
மூடப்பட்டது 2:10:06.
ஒரு நொடி.
இரண்டே முக்காலுக்கு மணி அடித்து
வழக்கம்போல் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள்.
ஓட்டுநர் பாலத்தை நம்பவில்லை,
பேருந்தை இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார்.
இரவு ஒன்பதுக்கு எல்லோரும் வீடு சேர்ந்தார்கள்,
சில காலணிகள் மட்டும் சேரவில்லை.
அதனால் விசாரணை இல்லை.
அதனால்தான் எனக்குத் தூக்கம் இல்லை.

ஒரு நொடியில் ஒருவர் எதைப் படிக்க முடியும்?
கேட்கத்தான் போனேன்.
மேரி-ஆஞ்ச் லாபோண்டே, எழுத்தர், இருபத்திரண்டு ஆண்டுப் பணி.
கோபிப்பார் என்று நினைத்தேன். நாற்காலி தந்தார்.
க்ரியோலில், அவசரமில்லாமல் சொன்னார்:
அச்சுப்பொறியில் மை தீர்கிறதென்று ஒரு பெட்டி வரும்.
வைரஸ் காவலுக்குச் சந்தா முடிகிறதென்று ஒரு பெட்டி.
திங்கள்தோறும் பத்து மணிக்கு
‘இது சோதனை மட்டுமே’ என்று உங்கள் பெட்டி.
என் விரலுக்கு இப்போதெல்லாம் கண் தேவைப்படுவதில்லை.

சுவரில் நீர் நின்ற கோடு
என் முழங்காலுக்குச் சற்று மேலே.
அலமாரியின் கீழ்த்தட்டு இன்னும் காலி.

தமிழ் ஆசிரியை கோசலை அர்ணாசெல்லம் எட்டிப் பார்த்தார்.
அவருக்கு வேறு குறை.
“வெள்ளம் என்பதில் கொம்பு கழன்று
தனியாக நிற்கிறது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு.
நாலாம் வகுப்பில் இப்படி எழுதினால்
நான் மதிப்பெண் தரமாட்டேன்.”
கொம்பு ஊத வேண்டிய இடத்தில்
கொம்பை ஒடித்து வைத்திருந்தேன்.

ஆகவே, 4.2.
மூடும் பொத்தான் முதல் ஐந்து நொடி உறங்கும்.
மறுமுறை வேறு மூலையில் விழிக்கும்,
விரல் தன் பழக்கத்தை மறக்கட்டும்.
‘சரி’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
எதுவும் சரியில்லாதபோது அதற்கு அங்கே என்ன வேலை?
‘பிள்ளைகளை நிறுத்திவைக்கிறேன்’ என்று ஒன்று,
‘புரியவில்லை, என்னை அழையுங்கள்’ என்று இன்னொன்று.
திங்கட்கிழமைச் சோதனை இனி
இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான கிசுகிசு.
மின்சாரம் போய் வந்தால்
விட்ட இடத்திலிருந்து சொல்லும்.
கொம்பு தன் எழுத்தோடு சேர்ந்தது,
அதற்கு மட்டும் மூன்று இரவு.

மேலாளர் பிரெகாசென் கேட்டார்:
புதிதாக என்ன சேர்த்தாய்?
பெரும்பாலும் மௌனம், என்றேன்.
விற்பனைத் தாளில் அதை எப்படி எழுதுவதென்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை வெளியிட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு கணினிகள்.
ஒவ்வொன்றும் தன் ஆளைக் கேட்டது:
இப்போதே மறுதொடக்கமா, பிறகா?
கேட்கும் அந்தப் பெட்டியும் நான் செய்ததுதான்.
பழைய பெட்டி. ஒரு நொடிப் பெட்டி.
இன்று காலை முப்பத்தேழு பேர்
இன்னும் ‘பிறகு’வில் இருக்கிறார்கள்.

மோக்கா மலைக்குப் பின்னால் வானம்
ஈயம் பூசிய அண்டாவின் உட்புறம்.
வாக்கோவாஸ் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலை அச்சிட்டேன்
(மை தீர்கிறது என்றது, மூடினேன், படிக்காமலே).
தொலைபேசியை அருகில் இழுத்தேன்.

பதின்மூன்று பேரிடம் பேசியாயிற்று.
பதினொருவர் ‘இதோ’ என்றார்கள்.
இருவர் ‘பிறகு’ என்றார்கள்,
மிக மரியாதையாக, பெயர் சொல்லி நன்றியும் சொல்லி.
பதினாலாவது எண்
அடித்துக்கொண்டே இருக்கிறது.