கடும் பிரேக்: ஒன்று

லைல் நொவாட்னி கால்குலேட்டரை
என் பக்கம் திருப்பி வைக்கிறார்.
வாயால் சொல்ல அவருக்கே கூச்சம்.
ஆறு மாதத்துக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர்,
ரோமனுக்குப் பதினாறு முடிந்த மறுநாள்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

டிரக்கையே ஆயிரத்து முந்நூறுக்குத்தான் வாங்கினோம்,
ஸ்வோபோடா பண்ணை ஏலத்தில்,
பின்கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டி வந்தோம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

"பெண்ணாய்ப் பெற்றிருந்தால் கொஞ்சம் குறையும்"
என்கிறார் லைல். சிரிக்க வேண்டிய இடம்.
சிரித்தேன்.

அவன் அப்பா பாலிசியில் சேர்த்துவிட்டால்?
அவர் வயோமிங்கில், ஞாயிற்றுக்கிழமைக் குரல்.
"பையன் எந்த வீட்டில் தூங்குகிறானோ
அந்த வீட்டுப் பாலிசி, ரெனாட்டா."

டிரக்குக்கான மோதல் காப்பீட்டை எடுத்துவிடலாம்:
இடித்தால் இரும்புக் கடைக்கு.
விபத்தில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகையை
ஐந்நூறிலிருந்து ஆயிரம் ஆக்கலாம்.
வேதியியலில் பி வாங்கினால் தள்ளுபடி.
(வேதியியல் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.)
இன்னொரு தாளும் இருந்தது:
ரோமன் குச்சேரா ஓட்டினால் எங்களுக்குச் சம்பந்தமில்லை,
கீழே தாயின் கையெழுத்து.
அதை நானே மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

கடைசியில் அந்த ஆப்.
அவன் போனில் உட்கார்ந்து
வேகம், திருப்பம், நிறுத்தம் எல்லாம் எண்ணும்.
நல்லபடி ஓட்டினால் மாதம் நாற்பத்தோரு டாலர் மிச்சம்.
என் போனிலும் போட்டுக்கொண்டேன், துணைக்கு.

மூன்று வாரம்.
எனக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண்.
அவனுக்கு அறுபத்தொன்று.
கடும் பிரேக், கடும் பிரேக், கடும் பிரேக்.
பள்ளி நாளெல்லாம்,
மூன்று ஐம்பதுக்கு, ஒரே இடத்தில்.

கேட்டால் தோளைக் குலுக்குவான்.
நான் கேட்கவில்லை.
தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறவள் நான்;
வண்டியின் எடையைக் கழிக்காமல்
சோளம் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

வியாழனன்று சீக்கிரம் கிளம்பி
சரளைச் சாலை மேட்டுக்கு அப்பால்
பள்ளத்தோரம் காரை நிறுத்திக் காத்திருந்தேன்,
மகனை உளவு பார்க்கும் அம்மாக்கள்
தலையைத் தாழ்த்திக்கொள்வதுபோல.

சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு.
அந்தப் பக்கம் அதன் தபால் பெட்டி.
ஐந்தோ ஆறோ வயது, ஒரு காலில் மட்டும் பூட்ஸ்,
ஒரு சிறுமி யாரையும் பாராமல் ஓடினாள்,
தபால் எடுக்க அல்ல,
அந்தச் சிவப்புக் கொடியை ஏற்றி இறக்கி விளையாட.

மேட்டில் டிரக் தெரிந்தது.
வெயில் நேரே அவன் கண்ணில்.
சரளை சீறியது, புழுதி, மூக்கைக் குத்தி நின்றது வண்டி.
அவள் கொடியை ஆட்டினாள்.
அவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தினான்.
பழைய சிநேகம்போல.

என் மடியில் போன் அதிர்ந்தது:
கடும் பிரேக், ஒன்று.

தினமும் தெரிந்த குழந்தை என்றால்
மேடு ஏறும்போதே குறைத்திருக்கலாமே, தம்பி.
பாதி தப்பு உன்னுடையது.
மீதிப் பாதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று லைலிடம் போனில் கேட்டேன்.
காரணத்துக்குக் கட்டம் இல்லையாம்.
"வேண்டுமானால் ஆப்பை எடுத்துவிடு,
நாற்பத்தோரு டாலர் போகும்.
வெள்ளிக்குள் சொல்."

பதினோரு வருஷம் இதே சாலையில்
ஐந்தரை மணிக்குப் போகிறேன்.
அந்த வீட்டில் குழந்தை இருப்பதே தெரியாது.
தொண்ணூற்று நான்கு.

வெள்ளி வந்தது. இன்னும் சொல்லவில்லை.
ஐந்தரைக்கு மேடு ஏறினேன்.
யாரும் இல்லை, கொடி இறங்கிக் கிடந்தது.
இருந்தாலும் காலை எடுத்தேன்.
பின்னால் வந்த சோள லாரி
ஒரு முறை ஹாரன் அடித்தது.