பதினொன்று புள்ளி ஆறு

கழுவி முடித்த கரித்தூள்
வட்டுகளில் அப்பிக்கொண்டு மேலேறுகிறது.
எலும்பில் மஜ்ஜை தேடும் வாயைப் போல
வெற்றிடம் பின்னாலிருந்து உறிஞ்சுகிறது.
உறிஞ்சியும் கால்பங்கு தண்ணீர்.
தூள் நைசாக ஆக ஆக
தண்ணீருக்குப் பிடி அதிகம்.

அப்புறம் சூட்டு உருளை.
கரியைக் காயவைக்கக் கரியையே எரிக்கிறோம்.
இதை நான் யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

முழுக்கக் காயவும் விடக்கூடாது.
காய்ந்தது பறக்கும், பறப்பது பொறி தேடும்.
எட்டு சதவீதம் என்பது
இரண்டு பயங்களுக்கு நடுவே போட்ட கோடு.

தோம் ஆறு அடிவரை உறைந்த ஜனவரி இரவு,
ஐந்நூறு கிராமைத் தட்டில் பரப்பினேன்.
நூற்றைந்து டிகிரி அடுப்பு.
தேநீர், பழைய குறுக்கெழுத்து, இன்னொரு தேநீர்.
திரும்ப நிறுத்தால் நானூற்று நாற்பத்திரண்டு.
பதினொன்று புள்ளி ஆறு.

வலேரியான் கஸிமீரொவிச் எட்டிப் பார்த்தார்.
வெளியே அறுபத்தாறு வேகன்கள்,
என்ஜின் பெருமூச்சு விட்டபடி.
"எட்டு என்று எழுது ரிம்மா. போகிற வழியில் காய்ந்துவிடும்."
மைனஸ் முப்பத்தெட்டில்
எது காயும்?
ஈரமில்லாத மனிதர் அல்ல அவர்,
அவருக்கும் மேலேயிருந்து போன் வரும்.
எழுதினேன்.
எட்டின் இரண்டு வளையங்களும்
ஒழுங்காகவே வந்தன.

பதினேழு நாள் கழித்து
கடலோரத்திலிருந்து அஃபனாஸி பேசினான்.
என் அத்தை மகன், துறைமுகத்தில் வேகன் கவிழ்க்கிறவன்.
முதலில் அம்மாவின் முழங்காலை விசாரித்தான்.
பிறகு,
"உன் கையெழுத்துப் போட்ட கரி வந்தது.
தலைகீழாகக் கவிழ்த்தோம், ஒரு பிடி விழவில்லை.
வேகன் வடிவத்தில் ஒரே கல்.
கடப்பாரையோடு உள்ளே இறங்கினோம்.
யெரெமேய்க்கு மணிக்கட்டு போயிற்று."
திட்டவில்லை.
அங்கே பனி எப்படி என்று கேட்டான்.

அன்றிரவும் தட்டு, அடுப்பு, தேநீர்.
பத்து புள்ளி இரண்டு.
வலேரியான் வாசலில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லாமல்
பத்து புள்ளி இரண்டு என்று எழுதிப்
பேனாவை மூடினேன்.
வண்டி நான்கு மணிநேரம் நின்றது.
அந்த மாத ஊக்கத்தொகை வரவில்லை,
எனக்கு மட்டுமல்ல, ஷிஃப்ட் முழுவதற்கும்.
உருளைக்காரி க்லாஃபிரா இன்னும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

மார்ச்சில் காலி வேகன்கள் திரும்பின.
மூலைகளில், கடப்பாரைக்குத் தப்பி,
கருப்புப் பனிக்கட்டி.
ஒன்றைப் பெயர்த்துக் கிண்ணத்தில் போட்டு
ஜன்னலோரம் வைத்தேன்.
மதியத்துக்குள் உருகி
அடியில் தூள், மேலே தெளிந்த நீர்.
எடை போடவில்லை.