நான்காம் அடுக்கு

சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளிக்கு முன்னால்,
ராத்திரி ஒன்றே முக்கால்.
எடைத்தட்டு இரண்டையும் தார்மேல் விரித்துவிட்டு
சிவப்பு விளக்கை ஆட்டுகிறேன்.
பத்துக்கு ஒரு லாரி நிறுத்த வேண்டும்.
ஆளைப் பார்த்து, பாரத்தைப் பார்த்து
தேர்ந்தெடுக்கக் கூடாது. கணக்கு கெட்டுவிடும்.
பத்தாவதாக வந்தது
கல் லாரி.

தளிப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஒற்றைப் பாறை.
வெட்டுமுகத்தில் துளைபோட்ட கோடுகள்,
இன்னும் ஈரம்.
சங்கிலி இரண்டு போட்டு இறுக்கியிருக்கிறது,
அது எங்கேயோ எழுந்து போய்விடும் என்பதுபோல.
டிரைவர் நல்லியப்பன், ராசிபுரம் பக்கம்,
துறைமுகத்துக்குப் போகிறார்.

ஒரு அச்சு மட்டும் தரையைத் தொடாமல் தொங்குகிறது,
வேட்டியை மடித்துக் கட்டி
ஓடை தாண்டுகிறவன் மாதிரி.
என்னைப் பார்த்ததும் அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"இறக்காதீங்கண்ணா.
ரோடு எப்படிப் பாக்குதோ
எனக்கும் அப்படியே வேணும்."

"ஃபைன் போட மாட்டீங்களா?"
"இல்லை. நான் கணக்கு எடுக்கிறவ."

பீடி பற்றவைத்துக்கொண்டார்.
"டயர் ஒண்ணு இருபத்தஞ்சாயிரம் மேடம்.
தேஞ்சா ஓனர் என் கணக்குல எழுதுவான்.
ரோடு தேஞ்சா யார் கணக்குல எழுதுவீங்க?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இடப்பக்கம் எட்டு டன். வலப்பக்கம் எட்டு.
ஓர் அச்சுக்கு மொத்தமே எட்டு என்று வைத்துத்தான்
இந்த ரோட்டை வரைந்தார்கள்.
இரண்டு மடங்குதானே என்று தோன்றும்.
ரோடு அப்படி எண்ணுவதில்லை,
இரண்டை நாலு தடவை வைத்துப் பெருக்குகிறது.
பதினாறு லாரி போனதாகக் குறித்துக்கொள்கிறது
ஒருவர் பீடி பிடித்தபடி கடக்கும்போது.

நாலு அடுக்கு என்பது பாடத்தில் பெருக்கல்.
இங்கே வேறு.
கீழே மண், மேலே கிராவல்,
அதற்கு மேலே ஜல்லி, நான்காவது தார்.
அந்த ஜல்லியும் இந்தப் பக்கத்து மலைதான்.
பாலிஷுக்குத் தேறாததை உடைத்துக் கீழே போட்டார்கள்.
தேறியது
அதன்மேல் ஏறிப் போகிறது.

இவ்வளவு பாரமும் தரையைத் தொடுவது
டயருக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.
காற்றைக் கல்லாக அடித்து
அந்தத் தட்டையும் சின்னதாக்கிவிடுகிறார்கள்.

விடிந்ததும் முனிரத்தினா மூன்று மீட்டர் இரும்புப் பட்டையை
ரோட்டின் குறுக்கே வைத்தான்.
நான் குனிந்து ஆப்பை நுழைத்தேன்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ஒரு ரூபாயை நிமிர்த்தி வைத்தால் மறைந்துபோகும்.
நிஜமாகவே வைத்துப் பார்த்தான்.
அப்புறம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

தார் எங்கேயும் போய்விடவில்லை.
சித்திரை வெயிலில் இளகி
கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது,
பஸ்ஸில் பக்கத்து ஆள்
தூங்கித் தூங்கிச் சாய்ந்ததில்
ஓரத்துக்கு வந்துவிட்டவரைப் போல.
பதினைந்து வருஷம் என்று எழுதிய ரோடு.
இது ஆறாவது.

"மூடிடுவாங்களா அக்கா?"
"மூடுவாங்க. மேல இன்னொரு அடுக்கு."
"அப்ப அஞ்சு."
"அஞ்சு."

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன்.
தூக்கம் கண்ணில் மணலாக இருந்தது.
நல்லியப்பன் இந்நேரம் வாணியம்பாடியைத் தாண்டியிருப்பார்,
அந்த அச்சை இன்னும் தூக்கியபடி.
இடது தடத்துக்குள் முன்சக்கரம் இறங்கியது.
ஏற்றப் பார்த்தேன், சறுக்கிக்கொண்டு
பழையபடி உள்ளேயே வந்தது.

வண்டியோடு சேர்த்து நான் நூற்று அறுபது கிலோ.
ரோட்டுக்கு நான் வந்ததே தெரியாது.
எனக்குத்தான் தெரிகிறது
அவர் போனது,
கைப்பிடியில்.