மூன்று கணு

சங்கம் விஹாரில் தண்ணீர் வரும் நாளை
யாரும் காலண்டரில் குறிப்பதில்லை.
லாரி ஹாரன் கேட்டால் சந்தே எழுந்து ஓடும்.
ஒன்பது நாளுக்கு ஒரு முறை,
சில சமயம் பன்னிரண்டு.

இங்கே செடி வளர்க்கிறாயா என்று
மிதிலேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

துக்ளகாபாத் கோட்டைச் சுவரோரம்
பஸ்ஸுக்கு நின்றபோது ஒடித்துவந்த குச்சி.
பென்சில் தடிமன், மூன்று கணு.
இரண்டு மண்ணுக்குள், ஒன்று வெளியே.
பெயிண்ட் டப்பாவின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை.
இடித்த வீட்டின் செங்கல்பொடி பாதி, மண் பாதி.

முதல் மாதம் அன்பு மிகுந்து
அரிசி கழுவிய நீரைத் தினமும் ஊற்றினேன்.
இலை மஞ்சளாகித் தொங்கியது.
போ என்று விட்டுவிட்டேன்.
விட்ட பிறகுதான் வளர்ந்தது.

ஆடாதோடை.
பெயரின் பொருளை எனக்கு நிரூபித்தது
இர்ஷாத் வாங்கிவந்த பக்ரீத் கிடா.
எதிர்ப்படியில் பதினோரு நாள் கட்டிக்கிடந்தது.
என் துப்பட்டா நுனி,
இரண்டு மாதத்து மின்சார பில்,
வேட்பாளர் சுவரொட்டி ஒன்று, பசையோடு:
எல்லாம் உள்ளே போயிற்று.
செடியை மட்டும் மோந்து பார்த்துத்
தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

பிப்ரவரியில் பூத்தது.
வெள்ளைப் பூ, நாக்கில் ஊதாக் கோடு,
டாக்டர் முன்னால் வாய் திறந்த பிள்ளை மாதிரி.

அதற்குள் இலைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.
அடூசா, அடூசா என்று கேட்டுக்கொண்டு.
நவம்பர்ப் புகையில் எங்கள் சந்து
சுவருக்குச் சுவர் இருமும்.
நாலு இலை பறித்துத் தருவேன்.
தரும்போது ஒன்று கேட்பேன்:
எத்தனை நாளாக?

என் வேலை அது.
காசநோய் மையத்தில் மாத்திரை எண்ணித் தருபவள் நான்.
பதிவேட்டோடு வாசலுக்குப் போனால் கதவைச் சாத்துகிறவர்கள்
இலைக்காக வந்தால் நின்று பதில் சொல்கிறார்கள்.
இரண்டு வாரம் தாண்டியது என்றால்
இலையோடு சளிக் குப்பியும் கொடுப்பேன்.
இலை தொண்டைக்கு, குப்பி உனக்கு.
செடி இதற்குக் கோபித்ததில்லை.
எல்லாம் தீர்ப்பேன் என்று
அது எங்கும் போர்டு மாட்டவில்லை.

ராம்பரண் சலவைக்கல்லுக்கு மெருகு போடுகிறவன்.
புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூள்.
ஐந்து வாரம் என்று விரலால் காட்டினான்,
வாயால் சொல்ல இருமல் விடவில்லை.
நாலு மாதம் ஒழுங்காக விழுங்கினான்.
நாற்பத்தொரு கிலோ நாற்பத்தாறு ஆயிற்று.
எனக்கும் ஒரு குச்சி கொடு தீதி என்றான்.
கொடுத்தேன். தண்ணீர் அதிகம் ஊற்றாதே என்றேன்.
இந்தத் தெருவில் அதைச் சொல்ல வேண்டுமா
என்று அவன் சிரித்த சிரிப்பில்
இருமல் இல்லை. கவனித்தேன்.

ஐந்தாம் மாதம் அவன் அறையில் பூட்டு.
கான்ட்ராக்டர் கிஷன்கட் கூட்டிப்போனான் என்றார்கள்,
இல்லை ஜெய்ப்பூர் என்றார்கள்.
போன் அணைந்திருந்தது.
பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு
இழுக்கச் சொன்னார் மேலாளர்.
பேனா எழுதவில்லை சார் என்றேன், இரண்டு திங்கட்கிழமை.

மே மாதம். நாற்பத்தாறு டிகிரி.
பூட்டின் கீழே அவன் டால்டா டின்,
இலையெல்லாம் உதிர்ந்த குச்சி.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
உள்ளே பச்சை.

நேற்று தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
எடுத்தேன். அந்தப் பக்கம் கல் அறுக்கும் மெஷின்.
அதன் நடுவே யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன்.
மிதிலேஷ் குழாயோடு ஓடுகிறாள், என்னையும் கூப்பிடுகிறாள்.
ஒரு காதில் போனை அழுத்தி
இன்னொரு கையால் குடத்தைத் தேடியபடி
கத்துகிறேன்:
சொல், கேட்கிறது,
எத்தனை நாளாக?